ஒட்டிய ஏவுகணையும் ஒளிந்த குற்றவாளியும்

2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் இரவு, பெய்ஜிங் நகரத்து வானத்தில் ஒரு பூதம் நடந்தது. உடல் தெரியவில்லை; காலடி மட்டும் தெரிந்தது. ஒலிம்பிக் தொடக்க விழா அன்று. இருபத்தொன்பதாவது ஒலிம்பிக் என்பதைக் குறிக்க 29 காலடிகள். ஒவ்வொன்றும் வாணவேடிக்கையால் ஆனது. நகரின் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக அவை பூத்துப் பூத்து, 'பறவைக்கூடு' எனும் விளையாட்டரங்கை நோக்கி வந்த காட்சியை உலகமே தொலைக்காட்சியில் கண்டு வாய்பிளந்தது. பட்டாசையே பிழைப்பாகக் கொண்ட நமது சிவகாசிச் சீமையிலும் வியந்தவர் பலர். "அடேயப்பா! இதுவன்றோ தொழில்!" என்றனர்.

சில நாட்களிலேயே குட்டு வெளிப்பட்டது. எவரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. அந்தக் காட்சியைச் செய்த குழுவின் தலைவரே சீன நாளேடு ஒன்றுக்குப் பெருமை பொங்கச் சொல்லிவிட்டார். தொலைக்காட்சியில் தெரிந்த காலடிகளில் கடைசி ஒன்று நீங்கலாக ஏனையவை கணிப்பொறியில் உருவாக்கப்பட்டு, நகரின் படத்தின்மீது பொருத்தப்பட்டவையாம்! 55 விநாடிக் காட்சி. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு. பெய்ஜிங் இரவில் புகைமூட்டம் எப்படியிருக்கும் என்று வானிலைத் துறையினரைக் கேட்டறிந்து, அந்த மங்கலையும் அளவாகக் கலந்தனராம். ஹெலிகாப்டரில் அமர்ந்து எடுத்ததுபோல் தோன்ற வேண்டுமென்று படத்தை இலேசாக நடுங்கவும் வைத்தனராம். பொய்க்குக் கைநடுக்கம்கூடத் தேவைப்படுகிறது, பாருங்கள்!

வானில் உண்மையாகவே வெடித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீறிவரும் வாணங்களுக்கு மேலே ஹெலிகாப்டரில் பறந்து படமெடுப்பது ஆபத்து. ஆகவே கணிப்பொறியை நாடினோம் என்றனர். காரணம் நியாயமானதே. ஆனால், "இது கணிப்பொறிச் சித்திரம்" என்று திரையின் ஓரத்தில் ஒரு வரி போடுவதில் என்ன ஆபத்து இருந்தது? எவர் தலை உருண்டிருக்கும்? அதே விழாவில், தாய்நாட்டை வாழ்த்திப் பாடுபவளாக ஒரு சிறுமியைக் காட்டினர். குரலோ வேறொரு சிறுமியினுடையது. நாட்டு நலன் கருதிச் செய்தோம் என்று அதற்கும் விளக்கம் தந்தனர். நாட்டு நலன்! எத்தனை முகங்களை மறைப்பதற்கு அந்த ஒரு திரை பயன்பட்டிருக்கிறது!

அந்த வித்தையைத் தூற்ற நான் வரவில்லை. தூற்றுவதற்கு முன் அது என்ன என்று அறிந்துகொள்வது நல்லது. படமாவது தட்டை, நீளமுண்டு, அகலமுண்டு, ஆழம் கிடையாது. கணிப்பொறியில் செய்யப்படும் பொருளுக்கோ ஆழமும் உண்டு. திருப்பலாம், கவிழ்க்கலாம், சுற்றி வந்து பார்க்கலாம். இதைக் கொண்டுபோய் அதிலே நிறுத்துவது எளிய காரியமன்று. படமெடுத்த கேமரா எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் இருந்தது, எப்படி நகர்ந்தது என்பதைப் படத்திலிருந்தே கணக்கிட்டு, கணிப்பொறிக்குள்ளும் அதேபோல் நகரும் கற்பனைக் கேமரா ஒன்றை அமைக்க வேண்டும். வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறதோ, அந்தப் பக்கமிருந்தே புதிய பொருளின்மீதும் விழ வேண்டும். பால் டெபெவெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1998-இல் இதற்கு ஒரு வழி காட்டினார். கண்ணாடிபோல் பளபளக்கும் உருண்டை ஒன்றைப் படப்பிடிப்பு இடத்தில் வைத்துப் படமெடுத்துக்கொள். எங்கிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்ற கணக்கு முழுவதும் அந்த உருண்டையில் அடங்கியிருக்கும். அதே ஒளியைக் கற்பனைப் பொருளின்மீது பாய்ச்சு என்றார். அப்புறம் நிழல். பொருள் தரையில் நிற்கிறது என்று கண் நம்ப வேண்டுமானால், அதன் அடியில் நிழல் ஒட்டிக் கிடக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மனிதன் நடந்து போனால், அவன் உருவத்தை ஒவ்வொரு பிரேமிலும் ஓரம் பிசகாமல் வெட்டியெடுத்து முன்னே வைக்க வேண்டும். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள். இந்த வெட்டும் வேலையை இரவெல்லாம் கண்விழித்துச் செய்யும் இளைஞர்கள் சென்னையிலும் ஐதராபாத்திலும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். படம் முடிந்து அவர்கள் பெயர் ஓடும்போது நாம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம்!

1994-இல் வந்த 'காதலன்' படத்தில் தலையும் கையும் காலும் மறைந்து உடை மட்டும் ஆடிற்று. எவரும் காவல் நிலையத்துக்கு ஓடவில்லை. சீட்டு வாங்கி உள்ளே போனவன் மயங்குவதற்கென்றே போனவன். நமது சிவகாசி அச்சகங்களையே பாருங்கள். தீப்பெட்டிக்கு ஒட்டும் சீட்டை அச்சிடத் தொடங்கி, காலண்டரும் நாட்குறிப்பும் நாடெங்கும் அனுப்பும் அளவுக்கு வளர்ந்த தொழில் அது. காலண்டர் முருகனுக்குப் பின்னால் பனிமலை நிற்கும். பழனியில் பனிமலை ஏது என்று எந்தப் பக்தனும் வழக்குப் போட்டதில்லை! அங்கெல்லாம் ஒட்டு, ஒட்டாகவே வருகிறது. வண்ணம் பூசிய வேடதாரி மேடையில் இருக்கும்வரை அவன் கலைஞன். அதே வேடத்தோடு சாட்சிக் கூண்டில் ஏறினால் அவனுக்குப் பெயர் வேறு.

சாட்சிக் கூண்டில் ஏறிய ஒட்டுப்படங்களைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

ஆண்டுதோறும் தீபாவளிக்கு நமது கைப்பேசிகளுக்குத் தவறாமல் வந்துசேரும் படம் ஒன்று உண்டு. இந்திய நாடு இருளில் கிடக்கும். அதன்மீது வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று ஒளிப்புள்ளிகள் மின்னும். "தீபாவளி இரவில் இந்தியா: விண்ணிலிருந்து நாசா எடுத்த படம்" என்று அடியில் எழுதியிருக்கும். நமது தோழர்களே அதை ஊரூராக அனுப்பி மகிழ்கின்றனர். மத்தாப்பு வண்ணமெல்லாம் வானுக்குத் தெரிகிறது என்று மகிழ்ச்சி!

மெய் என்ன? அமெரிக்கக் கடல்வளி ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் ஒருவர் 2003-இல், இராணுவ வானிலைச் செயற்கைக்கோள்கள் பல ஆண்டுகளாகத் திரட்டிய பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆக்கிய படம் அது. 1992-க்கு முன்பே இருந்த விளக்குகளுக்கு வெள்ளை நிறம். 1992-இல் தென்பட்டவற்றுக்கு நீலம். 1998-இல் தென்பட்டவற்றுக்குப் பச்சை. 2003-இல் தென்பட்டவற்றுக்குச் சிவப்பு. ஊர்கள் எப்படிப் பெருகின என்பதைக் காட்டத் தீட்டிய நிறங்கள் அவை. தெருவிளக்கின் வரலாற்றை மத்தாப்பு என்று விற்றுவிட்டனர்! 2012 நவம்பரில் நாசா நிறுவனமே இதை மறுத்து, அந்த மாதம் 12-ஆம் நாள் இரவு எடுத்த உண்மைப் படத்தை வெளியிட்டது. தீபாவளியால் கூடும் ஒளி, விண்ணிலிருந்து பார்த்தால் புலப்படாத அளவுக்குச் சிறிது என்றும் கூறியது. அதன்பின் எத்தனை தீபாவளிகள் வந்து போயின! படம் மட்டும் ஓய்ந்தபாடில்லை.

"போகட்டுமே, நமது தொழிலுக்குப் பெருமைதானே!" என்று கூறும் தோழரை ஒன்று கேட்கிறேன். பட்டாசைத் தடை செய்யக் கோரி 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது, மூன்று பச்சிளங் குழந்தைகளின் பெயரால். 2018 அக்டோபர் 23-இல் தீர்ப்பு வந்தது. சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம், விற்கலாம். (பச்சை நிற ஒளியைத் தருவதே பேரியம். பசுமைப் பட்டாசில் அந்தப் பச்சைக்கு இடமில்லை. பெயர் வைப்பதில் ஆளவந்தாருக்கு நிகர் ஆளவந்தாரே!) சரவெடிக்குத் திரி பின்னி வாழ்ந்த குடும்பங்கள் அன்று என்ன ஆயின என்பதை வெம்பக்கோட்டைப் பக்கம் போய்க் கேட்டால் தெரியும். அத்தகைய வழக்கிலே, பட்டாசின் ஒளி விண்வெளி வரை எட்டுகிறது என்று நாமே படம் காட்டினால், "ஒளியே அவ்வளவு தூரம் போனால் புகை எவ்வளவு தூரம் போகும்?" என்று எதிர்வழக்கறிஞர் கேட்கமாட்டாரா? நம் கையாலே நம் கண்ணைக் குத்திக்கொள்ளும் வேலை அன்றோ அது?

இவை இரண்டும் சிறு தீங்குகள். ஒன்று பகட்டு, மற்றொன்று பேதைமை. மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது நமது சீமைக்கு மெத்தவும் நெருங்கியது. ஆதலால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

லெபனான் நாட்டின் தலைநகர் பெய்ரூட். 2013-இல் அங்கு வந்த கப்பல் ஒன்றில் இருந்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட் கரையில் இறக்கப்பட்டு, 2014 முதல் துறைமுகத்தின் 12-ஆம் எண் கிடங்கில் கிடந்தது. உரமாகவும் பயன்படும், வெடியாகவும் பயன்படும் சரக்கு. அதை அப்புறப்படுத்த ஆணையிடுங்கள் என்று சுங்க அதிகாரிகள் நீதிபதிகளுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினர். கடிதம் போயிற்று, ஆணை வரவில்லை. ஆட்சிகள் மாறின, மூட்டைகள் மாறவில்லை. அதே கிடங்கில் பட்டாசுகளும் வைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. மருந்தோடு பழகிய நமது ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தியிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னால், "இதென்ன கூத்து!" என்று வாயில் கைவைப்பாள். 2020 ஆகஸ்டு 4-ஆம் நாள் மாலை கிடங்கில் தீ பிடித்தது. அப்புறம் அந்த நகரத்தில் பாதி நொறுங்கியது. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் காயமுற்றனர், மூன்று இலட்சம் மக்கள் வீடிழந்தனர்.

புகை எழுந்தபோதே பலர் பலகணியில் நின்று கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தனர். ஆகவே அந்த வெடிப்புக்குப் பல திசைகளிலிருந்தும் படச்சான்று உண்டு. அந்தப் படங்களில் ஒன்றை எவனோ எடுத்தான். கணிப்பொறியில் ஏவுகணை ஒன்றைச் செய்தான். வானிலிருந்து துறைமுகத்தை நோக்கி அது பாய்வதாகப் பொருத்தினான். ஒட்டு தெரியாதிருக்க நிறங்களையெல்லாம் தலைகீழாக்கினான். வெப்பத்தைக் காட்டும் தனிக் கேமராவில் எடுத்தது என்று பெயர் சூட்டினான். விட்டான் உலகத்தின்மீது! சில மணி நேரத்தில் இலட்சக்கணக்கானோர் கண்டனர். "பார், பார், எதிரி நாட்டான் குண்டு போட்டுவிட்டான்!" செய்தி நிறுவனங்கள் மூலப்படத்தைத் தேடியெடுத்துப் பிரேம் பிரேமாக ஒப்பிட்டன. மூலத்தில் புகை உண்டு, தீப்பொறி உண்டு, ஏவுகணை இல்லை.

ஒட்டியவன் கூலிக்குச் செய்தானோ, குறும்புக்குச் செய்தானோ, எனக்கு அதில் அக்கறையில்லை. பலன் எவருக்கு என்று பாருங்கள், தோழர்களே! மூலப்படத்தில் இருப்பது ஒரு கிடங்கு. கிடங்கைக் கண்டவன், "இதன் சாவி எவரிடம் இருந்தது?" என்று கேட்பான். கடிதங்களைப் படித்தவர் யார், படித்தும் பேசாதிருந்தவர் யார் என்று கேட்பான். ஏவுகணையைக் கண்டவனோ வானத்தைப் பார்ப்பான். கோப்பின்மேல் ஆறாண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழக்கறிஞர் கிடைப்பாரா? அங்கே விசாரணை ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. மாண்டவர்களின் தாய்மார் படங்களை ஏந்தித் தெருவில் நின்றனர். அவர்கள் ஏந்திய படங்களில் ஒட்டு எதுவும் இல்லை.

அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். பெய்ரூட் வெடித்த மறுநாட்களிலே நமது சென்னையை அடுத்த மணலியில், 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த 697 டன் அமோனியம் நைட்ரேட் அப்படியே கிடப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அவசர அவசரமாக லாரிகளில் ஏற்றி ஐதராபாத்துக்கு அனுப்பினர். வெடித்திருந்தால்? நமக்கும் ஓர் ஏவுகணை ஒட்டித் தந்திருப்பார்கள்.

இனி நமது மண்ணுக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: நாற்பது உயிர்கள் அளவில் போயின, வெடித்த ஆலையை நோக்கி உதவ ஓடியவர்களும் பார்க்க ஓடியவர்களும் அடுத்த வெடிப்பில் வீழ்ந்தனர். 2021 பிப்ரவரி 12, சாத்தூரை அடுத்த அச்சங்குளம்: இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இடையிலே எத்தனை எத்தனை ஊர்கள். நாளேட்டின் உட்பக்கத்தில் நான்கு வரி பெற்று மறைந்தவை! அந்த நான்கு வரியில் தப்பாமல் வரும் வாசகம் ஒன்றுண்டு: "மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு." உராய்வு! கைது செய்ய முடியாத குற்றவாளி அவன். உரிமம் பெற்றவன் அல்லன். உள்குத்தகைக்கு விட்டவன் அல்லன். மேற்பார்வைக்கு வந்து தேநீர் அருந்திவிட்டுப் போனவனும் அல்லன். ஓர் அறைக்கு இத்தனை பேர்தாம் என்று விதியிருக்க, அதற்கு மேல் ஆட்களை அமர்த்தியது யார்? வெயிலில் மரத்தடியில் மருந்தைப் பரப்பி வேலை செய்யச் சொன்னது யார்? ஒருவர் பெயரில் உரிமம், பல பேர் கையில் அறைகள் என்ற ஏற்பாட்டை அறியாதவர் போல் இருந்தது யார்? விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிவந்த கேள்விகள் இவை. இவற்றையெல்லாம் ஒரு சொல்லால் மூடிவிடுகின்றனர். முழுப் பூசணியைச் சோற்றில் மறைப்பார்கள் என்பர். இங்கே ஓர் ஆலையையே மறைக்கின்றனர்.

சொல்லால் மறைத்தவர்களுக்குப் படத்தால் மறைக்க எவ்வளவு நேரமாகும்? கண்காணிப்புக் கேமராப் பதிவு ஒன்று வெளிவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலே செத்துப்போன தொழிலாளியின் கையில் ஒரு கைப்பேசி. உண்மையில் அவன் கையில் இருந்தது மருந்துக் குச்சம். கைப்பேசியைப் பிற்பாடு பொருத்தினார்கள். வெளிச்சம் பொருந்துகிறது, நிழல் பொருந்துகிறது, கைநடுக்கம்கூடப் பொருந்துகிறது. "விதியை மீறி உள்ளே கைப்பேசி கொண்டுவந்தான், அவனால் வந்த வினை" என்று வழக்கு முடிந்தது! செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போகிறானா? 2008-இல் ஓராண்டு பிடித்த வேலையை, அதைவிடச் சிறிய அளவில், இன்று மேசைக் கணிப்பொறி வைத்திருக்கும் ஒருவன் ஓர் இரவில் செய்துவிடலாம். இப்படி எங்கும் நடந்துவிட்டது என்று நான் கூறவில்லை. நடப்பதற்குத் தடை ஏதும் இல்லை என்று கூறுகிறேன்.

இதைவிடக் கொடிய தீங்கு ஒன்றுண்டு. அதற்குக் கணிப்பொறிகூடத் தேவையில்லை. ஆலைக்குள் கைப்பேசி கொண்டு போகக்கூடாது. உயிர் காக்கும் விதி அது, மீறவே கூடாது. ஆதலால் உள்ளே நடப்பதற்குச் சாட்சி வெளியிலிருந்துதான் வர வேண்டும். வேலிக்கு அப்பால் ஆடு மேய்ப்பவர், சாலையில் போகும் வேன் ஓட்டுநர், பக்கத்துத் தோட்டக்காரர் ஆகியோர் தற்செயலாக எடுத்த படம். மரத்தடியில் மருந்து காய்ந்ததை மெய்யாகவே அது காட்டுகிறது. எதிரே இருப்பவர் என்ன சொல்வார்? "இது கிராபிக்ஸ்!" ஒரே சொல். அந்தச் சொல்லுக்கு ஊர் தலையசைக்குமா, அசைக்காதா என்பது, முன்பு நாம் அனுப்பிய படங்களைப் பொறுத்தது. நேற்று நாம் பெய்ரூட் வெடிப்பைச் சிவகாசி என்று அனுப்பியிருந்தால், முந்தாநாள் செயற்கைக்கோள் படத்தைத் தீபாவளி என்று அனுப்பியிருந்தால், இன்று நமது மெய்ப்படம் அநாதை. பணமுள்ளவனுக்கு ஆவணம் உண்டு, அதிகாரி உண்டு, வழக்கறிஞர் உண்டு. ஏழைத் தொழிலாளிக்குக் கண்ணால் கண்ட சாட்சி ஒன்றே உண்டு. அந்தச் சாட்சியின் நாணயத்தை அழிப்பவன் எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும் முதலாளிக்கே பணி செய்கிறான்.

"எதிரி செய்கிறானே! நாம் மட்டும் கைகட்டி நிற்பதா?" என்று துடிக்கும் இளந்தோழர்களை அறிவேன். ஒலிபெருக்கிக்கு ஒலிபெருக்கி, சுவரொட்டிக்குச் சுவரொட்டி என்று வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தேர்தல் களத்தையே காட்டுகிறேன். 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதியின் உருவம் 2024 ஜனவரியில் நூல் வெளியீட்டு மேடையின் திரையில் பேசிற்று. 2016-இல் மறைந்த செல்வி ஜெயலலிதாவின் குரல் 2024 பிப்ரவரியில் ஒலித்தது. 2023 டிசம்பரில் மறைந்த விஜயகாந்தின் முகம், 2024 செப்டம்பரில் வந்த 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தில் தோன்றிற்று. இவையெல்லாம் உரியவர் இசைவோடும், இது செயற்கை என்று ஊரறியவும் நடந்தவை. ஆகவே அவற்றை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்; இறந்தவர் எழுதாத வரியை அவர் வாயில் வைப்பது முறையா என்று மட்டும் கேட்பேன். வழி திறந்துவிட்டது. நாளை உரிமையற்றவன் வருவான், அறிவிப்பு இல்லாமல் வருவான். விருதுநகரில் காமராசரைப் பேச வைப்பான். தெப்பக்குளத் தெருவில் ஒரு கட்சிக்கு வாக்குக் கேட்பார் காமராசர். புகைவண்டி நிலையத் தெருவில் மற்றொரு கட்சிக்குக் கேட்பார்! 1975-இல் மறைந்த அவர் எதை மறுப்பார்?

இது வாக்கைப் புரட்டாது என்று எண்ணுவோர் கணக்கைப் பாருங்கள். 1967-இல் இதே விருதுநகரில் காமராசர் தோற்றது 1,285 வாக்குகளில். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இத்தொகுதியின் முடிவைத் தீர்மானித்தது 4,379 வாக்குகள். ஒரு பேரூராட்சியில் ஓர் இரவில் பரவும் படம் போதும் அதற்கு. போலிப்படம் கண்ணில் பட்டால் மூன்று மணி நேரத்துக்குள் நீக்கவேண்டும் என்று 2024 மே 6-இல் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு ஆணையிட்டது. மூன்று மணி நேரம்! வாக்குப்பதிவுக்கு முந்திய இரவில் பத்து மணிக்கு விட்டால், ஒரு மணிக்கு நீக்கிவிடுவார்களாம். ஊர் உறங்கப் போய்விடும். பொய்யையும் உடன் கொண்டுபோய்விடும்.

ஆகவே, நமது கிளைகளில் இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். கழுத்துக்கு மேல் தலைவர், கழுத்துக்குக் கீழ் வேறு உடல் என்று பதாகை அடிக்கும் பழக்கத்தைக்கூட விட்டுவிடலாம். பெருங்கேடு இல்லையெனினும் அசிங்கம். எந்தப் படம் வந்தாலும் முதலில் நிழலைப் பாருங்கள். சூரியன் ஒரு பக்கம், நிழல் வேறு பக்கம் என்றால் நிறுத்துங்கள். ஆனால் நிழல் சரியாக இருப்பதாலேயே படம் மெய் என்று கொள்ளாதீர்கள். அந்த வித்தையும் அவர்களுக்குத் தெரியும் என்று மேலே சொன்னேன். எவர் எடுத்தார், எங்கே, எப்போது என்று கேளுங்கள். விடை இல்லாத படம் நமது கைப்பேசியோடு நிற்கட்டும்.

நாமே எடுக்கும் படத்துக்கு இதைவிடக் கடுமையான ஒழுங்கு வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின்படி, மின்பதிவைச் சான்றாக வைப்போர் அதனுடன் சான்றிதழ் தர வேண்டும். கோப்புக்குரிய 'ஹாஷ்' எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடுகிறது. எடுத்த நேரம், இடம் பற்றிய குறிப்புகளும் போய்விடுகின்றன. அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள். மூலத்தை எடுத்த கைப்பேசியிலேயே வைத்திருங்கள். வெளிச்சம் கூட்டுவது, அம்புக்குறி போடுவது, கட்சிக் கொடியை மூலையில் பதிப்பது ஆகியவற்றைப் பிரதியில் செய்யுங்கள், மூலத்தில் வேண்டாம். ஆர்வத்தில் ஒரு கொடியைப் பதித்து, ஒரு குடும்பத்தின் இழப்பீட்டு வழக்கைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஆட்சியாளரிடம் கேட்க வேண்டியது ஒன்று. விபத்து நடந்த ஆலையின் கண்காணிப்புக் கேமராப் பதிவு, அன்றே, முத்திரையிட்டு, அதன் எண் குறித்து, ஒரு பிரதி பலியானோர் குடும்பத்திடமும் தரப்பட வேண்டும். ஆலைக்காரர் வீட்டுப் பெட்டியில் மூன்று நாள் இருந்துவிட்டு வரும் பதிவுக்கு நாம் எதற்காகத் தலைவணங்க வேண்டும்? "முடியாது" என்பார்களானால், ஏன் முடியாது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது அந்தச் செயற்கைக்கோள் படத்தை அழித்துவிட்டு வாருங்கள். அச்சங்குளத்தில், முதலிப்பட்டியில் அன்று எடுத்த படம் எவரிடமேனும் மூலமாக இருக்குமாயின், பழைய கைப்பேசி உடைந்து போயிருந்தாலும், அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எடுத்தவர் பெயரையும் நாளையும் ஒரு தாளில் எழுதி, அதனோடு வைத்துக் கொண்டுவாருங்கள்.